பெட்டி நிறையட்டும்

அமெரிக்கக் கடை ஒன்றின் விலைப் பட்டியல் எங்களிடம் இருந்தது. அதன் கடைசிப் பக்கம் இன்னும் எனக்கு மனப்பாடம். முன்பக்கங்களில் வால்வு, மைக், ரெக்கார்டு பிளேயர் ஊசி என்று பளபளவென்று படம் போட்டு ஆசை காட்டியிருப்பான். எச்சில் ஊறக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அயல்நாட்டு விமானத் தபால் கூலி. துரும்பை அனுப்பினாலும் குறைந்தது இவ்வளவு. இரண்டு கிலோ வரைக்கும் அதே கூலிதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்த நேரம் அது. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே பட்டியலை மூடி வைக்கத்தான் தோன்றும். "பொண்ணுக்கு எடுத்த சேலையைவிட வண்டிக்கூலி மூணு மடங்கு வே" என்பார் அண்ணாச்சி. அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் நிமிஷம் ஆகும்.

அண்ணாச்சிக்குத் திக்குவாய். மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். எந்த மோட்டார் எங்கே இரைகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அதை வாயால் சொல்ல முடியாது. துண்டுக் காகிதத்தில் எழுதித்தான் கொடுப்பார். நான் டைம் ஆபீஸில் கிளார்க். ரத்த சொந்தம் எதுவும் இல்லை, பக்கத்துத் தெரு, அவ்வளவுதான். எட்டு வயது மூத்தவர் என்பதால் அவர் அண்ணாச்சி, அவர் மனைவி எனக்கு மதினி. அவர் ஒரு சொல்லைத் தொடங்கித் தவிக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுக்காது. எனக்குச் சுத்தமாகப் பொறுக்காது. "த... த..." என்றால் "தண்ணியா அண்ணாச்சி?" என்று நானே முடித்துவிடுவேன். உதவி செய்வதாக நினைப்பு. பத்துக்கு ஆறு மட்டம் தப்பாகத்தான் முடித்திருப்பேன். இருந்தாலும் அவர் தலையாட்டிவிட்டு, கொண்டு வந்த தண்ணீரைக் குடித்தும் விடுவார்.

இந்த மனிதர்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உலகத்தோடு பேசுகிறவர். ஹாம் ரேடியோ என்று ஒரு பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி அரசாங்கத்தில் லைசன்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஆட்களோடு ரேடியோ அலையில் பேசுவது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ரேடியோ ஆபீசரிடம் பழைய ஜப்பான் செட்டு ஒன்றை வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டியிருந்தார். வாயால் பேசமாட்டார், தந்தி மொழிதான். மோர்ஸ் கீயில் விரலை வைத்துவிட்டால் அண்ணாச்சி வேறு ஆள். தட்டுத் தடங்கல் இல்லாமல், மூச்சு வாங்காமல் ஓடும் அந்த விரல். எனக்கு அந்தத் தந்தி மொழி ஒன்றும் புரியாது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே காப்பி குடிக்கப் போய்ப் போய், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கான அழைப்புக் குறியின் ஓசை மட்டும் எனக்குப் பழகியிருந்தது.

அப்படி அவரைக் கூப்பிடுகிறவர்களில் முக்கியமானவர் ஒரு கிழவர். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒரு தீவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். ஆறு ஆண்டுகள் ஒரு ஞாயிறு தப்பாமல் இருவரும் பேசினார்கள். கிழவர் தோட்டத்தில் விழுந்த பனியைச் சொல்வார். இவர் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்ததையும், கார் நெல் கதிர் விடப் பொதி தள்ளியிருப்பதையும் சொல்வார். முந்தின ஆண்டு நெஞ்சுவலி வந்து அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததைக்கூட எங்களை விட விவரமாக அந்தக் கிழவரிடம்தான் சொல்லியிருக்கிறார். "என்கிட்ட ஒரு வருசத்துல பேசுததை அந்தக் கிழவர்கிட்ட ஒரு காலையில பேசிருதாவ. நானும் பேசாம அந்த வெள்ளைக்காரத் தந்தியைப் படிச்சிருக்கலாம்" என்பாள் மதினி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் முழுக்கச் சிரிப்பு இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு, செட்டுக்குள் பல்பு மாதிரி இருக்கும் கண்ணாடி வால்வுகள் இரண்டு போய்விட்டன. கேட்பதற்கு அந்த வால்வு தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. அதாவது காது இருந்தது, வாய் போய்விட்டது. சென்னையில் ரிச்சி தெரு முழுக்க ஆள் விட்டுத் தேடியாகிவிட்டது, இல்லை. அமெரிக்கப் பட்டியலில் இருந்தது. வால்வு விலை தாங்கக்கூடியதுதான். கூலிதான் தாங்காது. கப்பல் தபால் மலிவு, ஆனால் நாலைந்து மாதம் ஆகும். கண்ணாடிப் பொருள் முழுசாக வருமா என்பதும் சாமிக்குத்தான் தெரியும்.

"கிழவருக்கு ஒரு கடுதாசி போடுங்களேன் அண்ணாச்சி, செட்டு ரிப்பேர்னு" என்றேன். மதுரையில் இன்னொரு ஹாம் இருந்தார், அவர் மூலமாவது சொல்லி அனுப்பலாம். அண்ணாச்சி வேண்டாம் என்று கையை ஆட்டினார். காரணம் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டு ஆண்டுக்கு முன்னால், ரேடியோக் கையேடு ஒன்று தன்னிடம் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மூன்றே வாரத்தில் செங்கல் கனத்துக்கு அந்தப் புத்தகம் விமானத்தில் வந்து இறங்கியது. உறை முழுக்கத் தபால்தலை. புத்தகத்தைப் பார்க்காமல் தபால்தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். பதிலுக்கு அனுப்பப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கினார், பட்டுப் போல மெல்லிசு. தபாலாபீஸில் அதை எடை போட்டுக் கூலி சொன்னதும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். அந்தக் குறுகல் அவருக்குள் அப்படியே இருந்தது. "வால்வு போச்சுன்னு சொ... சொன்னா அனுப்பிருவாரு வே. அதனாலதான் சொ... சொல்லக்கூடாது. வாங்கினதுக்கே மறுமொய் செய்ய வ... வக்கில்ல" என்றார். நான் நடுவில் புகுந்து முடித்து வைக்காத பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு வழி சொன்னவன் நான்தான். என்னிடம் ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருந்தது. நாதஸ்வர ரெக்கார்டுகள் சேர்த்து வைத்திருந்தேன். ஊசி தேய்ந்து போயிருந்தது. "ரெண்டு கிலோ வரைக்கும் ஒரே கூலிதான? உங்க வால்வு கால் கிலோ தேறாது. மிச்ச எடைக்கு நான் சாமான் போடுதேன். கூலியில ஆளுக்குப் பாதி" என்றேன். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. ஆனி பிறந்ததும் தன் பங்கை எண்ணாமல் கொள்ளாமல் என் கையில் கொடுத்தார். ஆர்டர் படிவம் எழுதி, பஸ் ஏறிப் போய் வண்ணார்பேட்டை பேங்கில் டாலர் டிராஃப்ட் எடுத்துத் தபாலில் போடுவது என் பொறுப்பு.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு கிலோவுக்குக் கூலி கொடுத்துவிட்டு ஒன்றேகால் கிலோ சாமான் வாங்குவதா? மீதி இடம் வீண்தானே! பெட்டி நிறையட்டும் என்று உட்கார்ந்தேன். ஊசி, உதிரி ஊசி, பெல்ட், ஆம்ப்ளிஃபயருக்கு நான்கு வால்வு என்று எழுதுவேன், எடையைக் கூட்டுவேன், ஒரு அவுன்ஸ் மிஞ்சும், ஒன்றை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுவேன். வண்ணார்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்த ஒருவரும் தனக்கு இரண்டு மைக் வேண்டும், கூலியில் மூன்றில் ஒரு பங்கு தருகிறேன் என்றார். "கோயில் கொடை சீசன் முடியட்டும் வே, துட்டோட வாரேன்" என்றார். சரி, இன்னும் மலிவாகுமே என்று என் சாமானில் சிலதை அடித்து, முக்கால் கிலோ இடத்தை அவருக்கு ஒதுக்கிக் காத்திருந்தேன். படிவம் டைம் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தது.

ஆனி நடுவில் ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வெளியே வரும்போது மில் வாசலில் அண்ணாச்சி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆர்டர் போ... போ..." என்று தொடங்கினார். பின்னால் சைக்கிள்கள் மணியடித்து நெருக்குகின்றன. "போட்டாச்சு அண்ணாச்சி, போட்டாச்சு" என்றேன். வாயில் வந்துவிட்டது. நாளை மறுநாள் போட்டுவிடத்தானே போகிறோம் என்ற தைரியம். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பெடலை மிதித்தார். அப்படி ஒரு பொய்யைச் சொன்ன பிறகாவது மறுநாளே ஓடியிருக்க வேண்டாமா? மைக் செட்காரர் இதோ அதோ என்றார். நான் பெட்டி நிறையட்டும் என்றே இருந்தேன். பதினோரு வாரம்.

அந்தப் பதினோரு வார ஞாயிறுகளிலும் நான் காப்பி குடிக்கப் போனேன் என்பதுதான் கொடுமை. ஆறு மணிக்கு அண்ணாச்சி செட்டைப் போடுவார். இரைச்சலுக்குள்ளிருந்து அவருடைய அழைப்புக் குறி வரும். ஒரு தடவை, இரண்டு தடவை, பத்துத் தடவை. கிழவர் கூப்பிடுகிறார். அண்ணாச்சியின் வலது கை செத்துப்போன கீயின் மேல் தானாகப் போய் உட்காரும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிழவர் தன் பாட்டுக்குச் செய்தி சொல்லத் தொடங்குவார். கேட்பதை அண்ணாச்சி பென்சிலால் எழுத எழுத, நான் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பேன். பதினோராவது ஞாயிறு வந்த செய்தி இது: 'நண்பரே, நீர் கேட்கிறீரா தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன். இங்கே உறைபனி. மரங்களைக் கவாத்து செய்து முடித்தேன். உம் நெஞ்சுவலி எப்படி இருக்கிறது?' அந்தக் கேள்விக்குறியைப் போட்ட பிறகு அண்ணாச்சி பென்சிலை எடுக்கவே இல்லை. காகிதத்தில் அது அழுந்திக்கொண்டே இருந்தது. "வால்வு வந்துரும்லா தம்பி?" என்று மதினி என்னிடம் கேட்டாள். "வந்துரும் மதினி, அமெரிக்காக்காரன் பைய அனுப்புதான்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் லீவு போட்டு, மைக் செட்காரரை விட்டுவிட்டு, டிராஃப்ட் எடுத்துத் தபாலில் போட்டேன். ஆவணி கடைசி. அப்போதும் பெட்டியில் முக்கால் கிலோ இடம் மிச்சம் இருந்தது.

புரட்டாசி இரண்டாம் ஞாயிறு அழைப்பு வரவில்லை. மூன்றாம் ஞாயிறும் வரவில்லை. "எங்கயாவது பேரப்பிள்ளைகளைப் பாக்கப் போயிருப்பாரு" என்றாள் மதினி. ஐப்பசியில் நல்ல மழை நாளில் பெட்டி வந்தது. ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சி வால்வுகளை மாட்டினார். ஞாயிறு ஆறு மணிக்குக் கீயை அழுத்தினார். செட்டுக்கு வாய் வந்துவிட்டது. கூப்பிட்டார், கூப்பிட்டார், ஏழரை மணி வரைக்கும் கூப்பிட்டார். வெறும் இரைச்சல்தான். ஆற்றில் வெள்ளம் போகும்போது கேட்குமே, அந்த மாதிரி.

பத்து நாள் கழித்து அயல்நாட்டுக் கடிதம் ஒன்று மதினி பெயருக்கு வந்தது. அண்ணாச்சி மில்லில் இருந்தார். மதினிக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு அன்று விடுமுறை என்று கூப்பிட்டு விட்டாள். நானும் படித்துப் பார்க்காமல் அப்படியே வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "அன்புள்ள அம்மையாருக்கு, உங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள்..."

"ஏன் தம்பி, வாயில நல்ல வார்த்தை வராதா? இப்பந்தான சோத்துச் சட்டியைத் தூக்கிட்டுப் போனாவ!" என்று தாலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள் மதினி.

எழுதியிருந்தது கிழவரின் மகள். அவள் அப்பா புரட்டாசித் தொடக்கத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஆறு ஆண்டு தப்பாமல் வந்த நண்பர் திடீரென்று நின்றுபோனால் வேறென்ன நினைப்பது? நெஞ்சுவலிதான் கொண்டுபோய்விட்டது என்று முடிவு செய்திருக்கிறார். கடைசி நாட்களில் அதையே சொல்லிச் சொல்லி அழுதாராம். 'உங்களுக்கு ஆறுதல் எழுதச் சொன்னார், நான்தான் தாமதித்துவிட்டேன், மன்னியுங்கள்' என்று முடித்திருந்தாள். தாமதித்துவிட்டாளாம்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து தன் சாவுக்கு வந்த ஆறுதல் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "உயிரோட இருக்கேன்னு ஒரு வரி அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் பேச முயன்றார், வரவில்லை. காகிதம் எடுத்து எழுதிக் காட்டினார்: 'எதுக்கு? அப்பா வீணா அழுதாருன்னு அவளுக்குத் தெரியவா?' அந்த வாரமே மொட்டை மாடிக் கம்பியை இறக்கினார். பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தார். ஒரு நாளும் செட்டைத் தொடவில்லை. மில்லில் துண்டுக் காகிதம், வீட்டில் தலையாட்டல், அவ்வளவுதான் அவருடைய பேச்சு. என்னோடு எப்போதும் போலத்தான் இருந்தார். நானும் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது!

இப்போது என் மருமகள் போனைத் தடவினால் சீனாவிலிருந்து நூலும் பாசிமணியும் வாசலுக்கு வந்து இறங்குகின்றன, கூலி இலவசம் என்று போட்டு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது; யார் மேல் எரிகிறது என்பதும் தெரிகிறது. போன ஆண்டு பொறுக்கமாட்டாமல் மதினியைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டிவிட்டாள். டிராயரில் கிடந்த படிவம், மில் வாசலில் சொன்ன பொய், பதினோரு வாரம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அவுகளுக்கு அப்பமே தெரியும் தம்பி" என்றாள். "பெட்டிக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சுல்லா, ஆர்டர் வந்து சேந்த தேதி அதுல போட்டிருந்துச்சாம். உங்ககிட்ட கேட்டுரணும்னு ரெண்டு மட்டம் உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தாவ. கேக்காமத் திரும்பிட்டாவ. ஏன்னு கேட்டேன். 'நான் ஏ... ஏ...ன்னு ஆரம்பிச்சா, அவனே ஒரு பதிலைச் சொல்லி முடிச்சிருவான்'னு எழுதிக் காமிச்சாவ."