மீட்டர்காரர் வீட்டுப் புள்ளி

மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் அவருக்குப் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. தெருவின் பெயரை மறந்தாலும் எந்த வீட்டில் எந்த நாய் என்பதை மறக்கமாட்டார். இதுவரை மூன்று கடி வாங்கியிருந்தார். ஒன்று இடது கெண்டைக்காலில், ஒன்று வலது முழங்கையில். மூன்றாவது எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஊரார் நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். மீட்டர்காரருக்கு நாயைக் கண்டால் தன் கால்களையே காணோம்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "என்னங்க, நாம ஒரு நாய் வளர்க்கலாமா?"

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். காலையிலிருந்து அந்தி வரை தையல் மெஷினோடுதான் பேச்சு. அது எதைக் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

"நாள் பூரா நாய்க்குப் பயந்து வீட்டுக்கு ஓடி வர்றேன். இங்கயும் ஒண்ணு நிக்கணுமா?"

"சரி, நீங்களே பார்த்து எடுங்க. உங்களுக்குப் பயமில்லாத நாய் எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

வசமாக மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் போனில் நாய் வகைகளைப் படித்தார். அவருடைய அளவுகோல் ஒன்றுதான்: வாய் எவ்வளவு பெரிது? பக் குறட்டை விடும் என்று போட்டிருந்தது. "வீட்டுக்கு ஒரு குறட்டை போதும்" என்று மனைவி தள்ளிவிட்டாள். பொமரேனியன் வந்தால் தைக்கிற துணியெல்லாம் முடியாகிவிடும். ஷிட்சுவுக்குத் தினமும் சீவிவிட வேண்டும்; மகளுக்குப் பன்னிரண்டு வருடம் தலைபின்னியதே மனைவிக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கடைசியில் மிஞ்சியது சிவாவா. குட்டை முடி, இரண்டு கிலோவுக்குள் எடை, ஆப்பிள் போல ஒரு தலை.

"பேர்லயே வா வான்னு இருக்கு" என்றாள் மனைவி.

"கடிச்சாலும் ஸ்டேப்ளர் பின் குத்தின மாதிரிதான் இருக்கும்" என்றார் அவர்.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இரண்டாம் மாடி வீட்டில் சிவாவா வளர்த்துக் குட்டிகள் கொடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். கதவு திறந்ததும் ஐந்து நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. ஐந்தையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு அரிசி மூட்டையில் பாதிகூடத் தேறாது. ஆனால் மீட்டர்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டார். நர்ஸம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குத் தர மாட்டேன்."

"ஏங்க?"

"சின்ன நாய்னா சின்ன வேலைன்னு நினைச்சு வர்றாங்க. இதுங்க எலும்பு தீக்குச்சி மாதிரி. சோபாவுல இருந்து குதிச்சாலே கால் உடைஞ்சிடும். குட்டிக்கு ஒரு வேளை சாப்பாடு தவறினா சர்க்கரை இறங்கி மயங்கிடும். பல்லு நெருக்கமா இருக்கும், தினமும் தேய்ச்சுவிடணும். குளிர் ஆகாது. நீங்க இப்ப பதறிப்போய் காலைக் கீழ வச்சீங்கன்னா, கீழ இருக்கிறது என்ன ஆகும்?"

மீட்டர்காரருக்கு உள்ளுக்குள் தப்பித்தோம் என்றுதான் இருந்தது. ஆனால் மனைவி தன் மடியில் ஏறியிருந்த குட்டியை மெல்ல இறக்கிவிடுவதைப் பார்த்தார். வாய் தானாகவே கேட்டது: "இந்தப் பயம் போறதுக்கு ஏதாவது வழி இருக்குங்களா?"

"சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிஞ்சு நேரா இங்க வாங்க. தரையில உக்காருங்க. கையை நீட்டாதீங்க, கண்ணைப் பார்க்காதீங்க. குரைக்கிறது பயந்துதான் குரைக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிங்க."

முதல் சனிக்கிழமை வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது சனிக்கிழமை ஒரு குட்டி அவர் காலுறையைக் கடித்து இழுத்தது. அசையாமல் இருந்ததில் கால் மரத்துப்போனது. மூன்றாவது சனிக்கிழமை, அதுவரை மூலையிலேயே கிடந்த மூன்று வயதுப் பெட்டை ஒன்று எழுந்து வந்தது. இரண்டு முறை ஈன்று முடித்து, கருத்தடையும் ஆனது. வௌவாலுக்குக் கொடுக்கவேண்டிய காதை யாரோ தவறுதலாக அதற்குக் கொடுத்த மாதிரி இருந்தது. அவருடைய பேண்ட்டின் விளிம்பிலிருந்து முழங்கால் வரை, பேப்பர் படிப்பவர் போல நிதானமாக மோந்து பார்த்தது. நாற்பது வீட்டு நாய்களின் செய்தியும் அதில் இருந்திருக்கும். படித்து முடித்து ஒரு தும்மல் போட்டுவிட்டு, மடியில் ஏறிச் சுருண்டது.

"குட்டி வேண்டாங்க" என்றார் மீட்டர்காரர், குரலை உயர்த்தாமல். "இவளைத் தருவீங்களா?"

நர்ஸம்மா கொடுத்தார். வீட்டுத் தராசில் ஒரு கிலோ எண்ணூறு கிராம் காட்டியது. மீட்டரில் புள்ளிக்கு அப்புறம் ஓடும் எண்ணை யாரும் எழுதுவதில்லை. "இவ அந்த அளவுதான் இருக்கா" என்று அவர் சொல்ல, புள்ளி என்றே பெயர் நிலைத்தது. ஆள் அரை முழம், குரல் ஆறு முழம். மிதித்துவிடுவோமோ என்று அவர் வீட்டுக்குள் காலைத் தூக்கி வைப்பதையே விட்டு, தேய்த்துத் தேய்த்து நடந்தார். சோபாவில் ஏற இறங்க, பழைய மேஜை இழுப்பறை இரண்டைக் கவிழ்த்துக் கம்பளம் ஒட்டிப் படி செய்தார். புள்ளி அந்தப் படியைப் பார்த்து இரண்டு நாள் குரைத்தது, மூன்றாம் நாள் அதன்மேல் படுத்துத் தூங்கியது. விடுமுறைக்கு வந்த மகள், அப்பா தரையில் சம்மணமிட்டு நாய்க்குப் பல் தேய்ப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"எனக்கு ஒரு நாளாவது தேய்ச்சுவிட்டிருக்கீங்களாப்பா?"

"நீ வாயைத் திறக்க மாட்ட. இவ சமர்த்து."

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு நாள் முற்பகல், வேலையில் இருந்தவருக்கு மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, புள்ளியைக் காணோம். வீடு பூரா தேடிட்டேன்."

"துணிக்குள்ள பாத்தியா?" சிவாவாவுக்கு எங்கே துணி குவிந்திருந்தாலும் அதற்குள் புகுந்துகொள்ள வேண்டும்.

"ஐயோ, காலையில தைச்ச திரைச்சீலையை ஒரு மூட்டை கட்டி வண்டியில ஏத்தி அனுப்பினேன். கனமாத்தான் இருந்துச்சு. துணி கனம்னு நினைச்சுட்டேன். தைக்கச் சொன்ன அம்மாவும் போன் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"யார் வீடு?"

"பல் டாக்டர் வீடு. வெள்ளை கேட். தெரு பேர்கூட..."

"தெரியும். போன மாசம் எழுநூத்து முப்பது யூனிட்."

பைக்கை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வெள்ளை கேட்டைத் தள்ளினார், வாசல் பாதையில் விறுவிறுவென்று நடந்தார், திறந்திருந்த கதவு வழியே கூடத்துக்குள் போனார். மாடிப்படிக்குக் கீழே மூட்டை கட்டியபடியே கிடந்தது. முடிச்சு கையால் அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தார். நாலாவது மடிப்புக்குள்ளிருந்து முதலில் இரண்டு காதுகள் வந்தன. பின்னாலேயே புள்ளி வந்து, சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டது. அள்ளிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

சத்தம் கேட்டு டாக்டரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார். யூனிபார்மை அடையாளம் கண்டுகொண்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அது சரிங்க, வெளியில நாய் உங்களை ஒண்ணும் பண்ணலையா?" என்றார்.

"எந்த நாய்?"

அந்த அம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினார். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாய், இப்படி ஒரு மனிதரை இதுவரை பார்த்ததில்லை என்பதுபோல், வாசலில் தலையைச் சாய்த்து நின்றது.

"இன்னிக்கு அவனைக் கட்டலைங்க. அவன் யாரையும் உள்ள விடமாட்டானே."

மீட்டர்காரர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்தார். சட்டைக்குள்ளிருந்து புள்ளி தலையை நீட்டி அந்தக் கறுப்பனை வாங்கு வாங்கென்று வாங்கியது. கறுப்பன் ஓரடி பின்வாங்கி உட்கார்ந்தான். அதைப் பார்த்து அந்த அம்மா சிரிக்க, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துப் பணிவாகச் சொன்னார்: "திரும்பிப் போகும்போது மட்டும் அவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. மனைவி மறுநாளே புள்ளிக்கு ஒரு மணி கட்டிவிட்டாள். டாக்டரின் மனைவி அந்த வாரமே நேரில் வந்து புள்ளியைப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது மாலை ஆனால் இரண்டு பெண்களும் இரண்டு நாய்களோடு பூங்காவைச் சுற்றுகிறார்கள். கறுப்பனின் முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே புள்ளி நடக்கும். ஒரு சுற்று என்று கிளம்புவது நான்கு சுற்றாகிவிடுகிறது, பேச்சு முடிவதில்லை. மீட்டர்காரர் வீட்டுக்கு வந்து தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். சர்க்கரை எப்போதும் ஒரு கரண்டி கூடித்தான் போகிறது.