ரெண்டு குடம்

ஜோஸ்பினுக்குச் சொந்த வீடு இருந்தது. அது போதாது, வாடகை வருகிற வீடும் ஒன்று வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எரியோட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை, திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், சம்பளம் மட்டும் டீச்சர் சம்பளம் இல்லை. பென்ஷன் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. புருஷன் சூசை லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்காவது இருப்பார். வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாதென்றால் மாடியில் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்று முடிவு செய்தாள். நினைப்பில் தப்பே இல்லை.

இரண்டாயிரமாவது வருஷம் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் இருந்த அவள் வீட்டின் மேல் சுவர் எழும்பியது. அத்தோடு கையிருப்பு தீர்ந்தது. சிமெண்ட் ஷீட் போடவும் கதவு ஜன்னல் வைக்கவும் காசில்லை. அப்போதுதான் புரோக்கர் சோலைமுத்து, ஒத்திக்கு விட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னார். ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. குடிவருகிறவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார். மூன்று வருஷம் கழித்து அவர் காலி செய்யும்போது அதை அப்படியே திருப்பித் தர வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த கிதர் முகம்மதுவும் அவர் மனைவி மெஹராஜும் ஐம்பதாயிரம் கொடுத்தார்கள். அந்தக் காசில்தான் ஷீட்டும் கதவும் வந்தன. அடுத்தவர் பணத்தில் மாடி கட்டிவிட்டோம் என்று ஜோஸ்பினுக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தால் அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி இவர்களிடம் கொடுத்துவிடலாம், பிறகு மெதுவாக வாடகைக்கு மாற்றிக்கொள்ளலாம். திண்டுக்கல்லில் பாதிப் பேர் இந்த நம்பிக்கையில்தான் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள்.

தண்ணீரை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அடுத்தடுத்து மழை பொய்த்தது. தெருக்குழாயில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தாலே பெரிய விஷயம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஜோஸ்பினுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. அவள் வீட்டு முற்றத்தில் பதினைந்து நாளைக்குத் தாங்குகிற தரைத்தொட்டி இருந்தது, அதற்கு ஒரு பூட்டும் இருந்தது. மெஹராஜ் குடத்தோடு இறங்கி வந்தால், "காலையில ஆறு மணிக்குள்ள வந்துருங்கக்கா. ரெண்டு கொடம்தான்" என்பாள். சிரித்த முகமாகத்தான் சொல்வாள். ஆறு ஐந்துக்கு வந்தால் பூட்டியிருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றில் மெஹராஜின் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானது. ஒத்தி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, பணத்தைத் தயார் பண்ணிவிடுங்கள் என்று மெஹராஜ் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், வியாழக்கிழமை நகை எடுக்க வேண்டும். ஜோஸ்பினும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள். சோலைமுத்து ஆள்மேல் ஆளாகக் கூட்டிவந்தார். வந்தவர்கள் யாரும் அறையைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. தண்ணீர் வருமா என்றார்கள், பதிலைக் கேட்டார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மெஹராஜ் இறங்கி வந்து வாசலில் நின்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மாப்ள வீட்டுல கேட்டா நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

சூசை ஒரிசாவில் எங்கோ இருந்தார். தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டாயிற்று. வீட்டையே விற்றாலும் இரண்டு நாளில் காசு வராது. ஒரு பெண்ணின் கல்யாணம் தன்னால் நின்றுபோனது என்று தெரு பேசும் என்பதை நினைத்தபோது ஜோஸ்பினுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை சோலைமுத்து ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். கன்னிவாடியில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர், சடையாண்டி என்று பேர், மகள் டவுனில் நர்சிங் படிக்கிறாள். குடும்பத்தோடு இங்கே வந்துவிட நினைக்கிறார், பணம் கையில் இருக்கிறது, காலையில் வருவார். ஜோஸ்பின் அன்றைக்குச் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. முந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு ட்ராக்டர் தண்ணீர் வாங்கி, மாடியில் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பினாள். கேட்டால் தண்ணீருக்குக் குறைவில்லை என்று சொல்லுங்கள் என்று மெஹராஜிடமும் சொல்லிவைத்தாள். மெஹராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே சடையாண்டி வந்துவிட்டார், கூடவே மனைவி அங்காளம்மாள். மாடியேறிப் பார்த்தார்கள். ஷீட் சூட்டைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. சடையாண்டி மெஹராஜைப் பார்த்தார்.

"நீ சொல்லு தாயி. தண்ணி வருதா?"

"வருதுண்ணே."

அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. சடையாண்டி குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. அவர் ஒரு கை ஏந்திக் குடித்தார், வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"இது தோட்டத்துக் கெணத்துத் தண்ணி. எங்க பக்கத்துக் கெணத்துலருந்தே டவுனுக்குத் தெனம் நாலு ட்ராக்டர் போகுதே, எனக்குத் தெரியாதா?"

அவர் குழாயை அக்கறையாக மூடிவிட்டுப் படியிறங்கினார். மெஹராஜ் அழவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் ஜோஸ்பினுக்கு வாய் திறந்தது. ஓடிப்போய் கேட்டை மறித்து நின்றாள்.

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. போர் உப்பு. பொய் சொன்னது என் தப்புத்தான், அவங்க மேல இல்ல. மாடி வேண்டாம். கீழ்வீட்ட எடுத்துக்கங்க. தரைத்தொட்டி இருக்கு. நான் மேல போய்க்கிறேன்."

சடையாண்டி திரும்பிவந்து கீழ்வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தொட்டி மூடியைத் தூக்கி ஆழம் பார்த்தார். எண்பதாயிரம் ஒத்திக்குப் போகிற வீடு அது.

"மாடிக்குப் பேசுன அதே அம்பதாயிரந்தான். தொட்டிச் சாவியும் எங்ககிட்ட இருக்கணும்."

ஜோஸ்பின் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். மணி பத்தாகியிருந்தது. அவர் கொடுத்த பணக்கட்டைப் பிரிக்காமல் அப்படியே மெஹராஜ் கையில் வைத்தாள். மெஹராஜ் நகைக்கடைக்குக் கிளம்பியபோது செருப்புப் போட மறந்து பாதித் தெருவிலிருந்து திரும்பிவந்தாள்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. ஜோஸ்பின் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள். மறுவாரம் மெஹராஜ் குடும்பம் பேகம்பூருக்குப் போனது. ஜோஸ்பின் கட்டிலையும் பீரோவையும் மேலே ஏற்றினாள். கீழ்வீட்டில் அங்காளம்மாள் பால் காய்ச்சினாள்.

முதல் நாள் காலையில் ஜோஸ்பின் குடத்தோடு இறங்கி வந்தாள். அவசரத்தில் அன்றைக்கு எல்லாம் பேசியவள், தண்ணீரில் தன் பங்கைப் பேச மறந்திருந்தாள். அங்காளம்மாள் தொட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மறுபடி திறந்தாள்.

"எடுத்துக்கங்க டீச்சர், ரெண்டு கொடம். நாளையிலருந்து ஆறு மணிக்குள்ள வந்துருங்க."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். ஜோஸ்பினுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதே வார்த்தையை மூன்று வருஷம் தினமும் கேட்டுக்கொண்டு அந்த மெஹராஜ் எப்படி நம்மிடம் முகம் கொடுத்துப் பேசினாள் என்று நினைத்து வெட்கமாக இருந்தது. குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். மொத்தம் பதினெட்டுப் படி. கட்டும்போது கொத்தனார் சொன்ன அந்தக் கணக்கு அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினோராவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். இன்னும் ஒரு குடம் பாக்கி இருந்தது.