அரக்கு முத்திரைக்குப் பின்னால் நான்கு குட்டிகள்

முத்திரையிடப்பட்ட கிடங்கை, முத்திரையிட்ட அதிகாரியின் எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் திறக்கக் கூடாது. தீ, வெள்ளம், உயிராபத்து ஆகிய சமயங்களில் மட்டும் கிடங்குப் பொறுப்பாளர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் முத்திரையை உடைக்கலாம். உடைத்த நேரத்தையும் காரணத்தையும் உடனே எழுதி அனுப்ப வேண்டும். விதி இவ்வளவுதான். யாருடைய உயிர் என்று அதில் சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் கோப்பு பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரியும், விதியில் சொல்லாமல் விட்டதை வாசிப்பவர் தம் வசதிப்படி நிரப்பிக்கொள்வார். நிரப்பும் உரிமை எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கே.

இந்த விதியை நான் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு. இது பொருந்தியிருக்க வேண்டிய சம்பவம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது.

அப்பா அப்போது பாரிவாக்கத்துப் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தார். தற்காலிகப் பணி. இந்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று நான்கு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வயல், வேலிகாத்தான் புதர்கள், நடுவே ஓடு வேய்ந்த நீளமான கிடங்கு, அதை ஒட்டி நாங்கள் இருந்த இரண்டு அறைகள். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கக் கூடாது என்று லிஃப்டில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். யார் கையெழுத்தும் இல்லாத சுற்றறிக்கை, செல்லாது.

விதை நெல்லுக்காக எலிகள் வந்தன, எலிகளுக்காகப் பூனைகள் வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். எதுவும் எங்களுடையது இல்லை. தொடவிடாது, பெயர் சொன்னால் திரும்பாது. அம்மா மீன் கழுவிய தண்ணீரைத் துணி துவைக்கும் கல்லில் ஊற்றிவிட்டு உள்ளே போன பிறகுதான் புதரிலிருந்து ஒவ்வொன்றாக வரும். சாம்பல் வரி போட்ட ஒரு பெட்டை மட்டும் என்னிடம் வந்தது. என் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, தன் முதுகை என் முழங்காலில் உரசிக்கொண்டு போகும். அந்த மரியாதையை அது வேறு யாருக்கும் செய்ததில்லை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

ஐப்பசியில் இருப்புச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். மூட்டைகளில் பூனை மயிரும் கழிவும் கிடப்பதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுநாளே பூனைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவை வந்துபோகும் சுவர்த் துவாரத்தை உள்பக்கமிருந்து தகரம் வைத்து அடிக்கச் சொன்னார். எலிகளைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. அவை பார்வையில் படவில்லை.

பூனை பிடிக்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பட்டாபிராமிலிருந்து சைக்கிளில், இரண்டு சாக்கும் ஒரு துண்டு கருவாடும் எடுத்துக்கொண்டு. காலை முழுக்க ஓடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. கையெல்லாம் முள் கீறலோடு வந்து உட்கார்ந்தார்.

மூட்டை தைக்கும் பாய், ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பூந்தமல்லியிலிருந்து தினமும் வந்து கிழிந்த கோணிகளைத் தைப்பவர். "இன்னா மாப்ளே, பூன உன்ன புடிச்சிக்கினு போயிடும் போலக்கீது?"

"நீ தைக்கிற வேலைய பாரு பாய்." மாமா என் பக்கம் திரும்பினார். "இன்னா பொண்ணே, அந்த வரிப்பூன உங்கிட்ட வரும்ல? இட்டுக்கினு வா. சைக்கிள்ல குந்தவச்சி செம்பரம்பாக்கம் ஏரிய காட்றேன்."

நான் அதுவரை அந்த ஏரியைப் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் பார்த்துவிட்டு வந்தவர்கள் கடலைப் பார்த்தவர்களைப் போல நடந்துகொண்டார்கள். கல்லருகே போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். அது வந்தது. தூக்கியபோது வயிறு தொளதொளவென்று தொங்கியது. போன வாரம் உருண்டையாக இருந்த வயிறு. மயிர் நனைந்து, காம்புகள் சிவந்திருந்தன. பக்கத்துத் தோட்டங்களில் ஆடு மாடு வைத்திருந்தார்கள். எனக்கு அர்த்தம் தெரியும்.

ஒன்றும் சொல்லாமல் சாக்கில் போட்டேன்.

பூனைக்குத் திசை தெரியாமல் போக வேண்டும் என்று மாமா சாக்கை மூன்று தரம் சுற்றினார். அப்படிச் செய்தால் திரும்பி வராதாம். ஏரிக்கரையின் அந்தப்புறம் அவிழ்த்துவிட்டோம். அது ஓடவில்லை. என்னைப் பார்த்து நின்றது, பிறகு நாணலுக்குள் போய்விட்டது. ஏரி பெரிதாகத்தான் இருந்தது.

நாங்கள் திரும்பியபோது துவாரத்துக்குத் தகரம் அடித்தாகிவிட்டது, கிடங்கும் பூட்டியிருந்தது. பாதி மூட்டைகளைத்தான் எண்ணியிருந்தார்கள். மீதியைத் திங்கட்கிழமை எண்ணுவதாகச் சொல்லி, பூட்டின்மேல் துணி சுற்றி அரக்கு ஊற்றி முத்திரை குத்திவிட்டு அதிகாரி கிளம்பியிருந்தார். சாவி அப்பாவிடம், முத்திரை அவரிடம். அதுதான் ஏற்பாடு.

மறுநாள் சனிக்கிழமை காலை பாய்தான் முதலில் கேட்டார். "சார், உள்ள இன்னாவோ கத்துது."

மூட்டைகளுக்கு அடியில் போட்டிருந்த மரச்சட்டங்களுக்கு நடுவிலிருந்து சன்னமாகக் குரல்கள். அப்பா கதவில் காதை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு வெள்ளைத்தாள் எடுத்து, கிடங்குக்குள் பூனைக்குட்டிகள் சிக்கியிருப்பதாகவும் திறக்க அனுமதி வேண்டும் என்றும் எழுதி, பஸ் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு, பதில் வரும் என்றார்களாம்.

மாமா அன்றே ஏரிக்குத் திரும்பினார். என்னையும் கூட்டிப் போனார். நாணல் ஓரமாக நடந்து கூப்பிட்டுக்கூப்பிட்டுப் பார்த்தேன். பெயர் வைக்காத ஒன்றை எப்படிக் கூப்பிடுவது? வாயில் வந்த ஓசையை எல்லாம் எழுப்பினேன். சாக்கு சுற்றல் நன்றாக வேலை செய்திருந்தது.

கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பாலை ஊற்றினேன். கண் திறக்காத குட்டி நடந்து வந்து பால் குடிக்காது என்று அம்மா சொல்லியும் ஊற்றினேன். எறும்புகள்தான் வந்தன.

அன்று மாலை அப்பா என்னைக் கேட்டார். "அது குட்டி போட்ருக்குன்னு உனக்குத் தெரியுமா, பாப்பா?"

"தெரியாதுப்பா."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "அர மணி நேர வேல, ஒடைச்சா மேல ஊத்திக்க அரக்கா கெடைக்காது? கொழந்த சோறு துன்னாம கெடக்குது."

"அரக்கு கெடைக்கும். முத்திர கெடைக்காது" என்றார் அப்பா. "இந்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு கீது. தெரியும்ல உனக்கு?"

அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த லிஸ்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. குரல்களில் இரண்டு நின்றுவிட்டன என்பது மட்டும் தெரியும். இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணி ஆகியும் அதிகாரி வரவில்லை. பதிலும் வரவில்லை. அப்பா சவரம் செய்துகொண்டார். அலுவலகத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு பாயைக் கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரரையும் கூப்பிட்டார். மாமா முன்னால் வந்தபோது, "நீ சொந்தக்காரன், தள்ளி நில்லு" என்றார். விதிப் புத்தகத்தின் ஒரு பிரதிகூட அந்தக் கிடங்கில் கிடையாது. அவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. இருந்தும் அந்தப் பத்தியை வரிக்கு வரி கடைப்பிடித்தார்.

சுத்தியலின் பின்புறத்தால் அரக்கை ஒரு தட்டு தட்டினார். பூட்டைத் திறந்தார். நான் உள்ளே பாய்ந்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்து, தாளை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். நேரம், காரணம், சாட்சிகளின் பெயர். ஐந்தாறு வரிகள். அந்த ஐந்தாறு வரிகள் முடியும்வரை நான் கத்திக்கொண்டிருந்தேன். பாய் கைநாட்டு வைத்தார்.

"எய்தனது போதும் சார், கொழந்தய உடு" என்றார் பாய்.

மூன்று செத்துப்போயிருந்தன. ஒன்றுக்கு மட்டும் மூச்சு இருந்தது. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி, அம்மா அதற்குப் பால் ஊற்றினாள். அது பிழைத்தது. வளர்ந்து, மற்றவை போலவே யாரையும் அண்டாத பூனையாகிப் புதருக்குள் போய்விட்டது.

அப்பாவிடம் நான் நெடுநாள் சரியாகப் பேசவில்லை. மூன்று நாள் காக்கவைத்தவர், கதவு திறந்த பிறகும் உட்கார்ந்து எழுதியவர் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதி மூடிவிட்டேன். விசாரணையில் என் பங்கு வரவே இல்லை.

கார்த்திகையில் அப்பாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உயிராபத்து என்றால் மனித உயிருக்கு ஆபத்து என்று அதில் இருந்ததாம். மார்கழியில் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரே அறை. அப்பா ஓர் அரிசி மில்லில் எடை போடப் போனார். என்னிடம் மாற்றல் என்றார்கள். நாள் முழுக்க ரயில் பார்க்கலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியில் அந்த அறிக்கையின் நகல் கிடைத்தது. படியில் உட்கார்ந்து எழுதிய அதே தாளின் நகல். கடைசி வரி இது: "தாய்ப்பூனையை அப்புறப்படுத்தும்போது அது குட்டி ஈன்றிருப்பதை நான் கவனித்திருந்தும் தெரிவிக்கத் தவறினேன்."

அவர் அந்தப் பூனையைப் பிடித்த இடத்திலேயே இல்லை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான். சனிக்கிழமை என் முகத்தைப் பார்த்த அந்தச் சற்று நேரத்தில் அவர் என்ன படித்தார் என்பது எனக்கு ஒன்பது வயதில் விளங்கவில்லை. முப்பது வயதிலும் விளங்கவில்லை.

அந்தத் தாளோடு குண்டூசியில் இன்னொரு தாளும் இருந்தது, பழைய முகவரி அடித்துப் பட்டாபிராம் முகவரி எழுதிய உறையோடு. அனுமதி கேட்டு அப்பா எழுதிய கடிதத்துக்குப் பதில். கோரியபடி அனுமதி வழங்கப்படுகிறது. கிடங்கைத் திறந்து பூனைக்குட்டிகளை உயிருடன் அப்புறப்படுத்தி, அதன் விவரத்தைத் தெரிவிக்கவும். கீழே ஓரத்தில், வந்துசேர்ந்த நாளை அப்பா தன் வழக்கப்படி பென்சிலால் குறித்திருந்தார்: தை அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை.