மச்சான் பிடித்த கயிறு

சங்கு குளிக்கிறவனின் உயிர், வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. கீழே மூச்சு முட்டிக் கயிற்றைச் சுண்டினால் அவன் உடனே இழுக்க வேண்டும். அதனால் தூத்துக்குடிப் பக்கம் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்போம். தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. மேலதிகாரி மூஞ்சியைப் பார்த்து வேலை செய்தவர்கள் உங்களில் இருப்பார்கள். நான் மச்சான் மூஞ்சியைப் பார்த்துவிட்டு முங்கியவன்.

சொல்லிவிட்டுக் கட்டிய தாலி

எழுபதுகளின் தொடக்கம். பிலோமியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அதற்கு முன்னால் லூர்து என்பவனோடு எனக்கு நேசம் இருந்தது. வெறும் கூட்டாளி நேசம் இல்லை. அவன் கொச்சிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டபோது எனக்கு அழுகையே வந்தது. ஆண் மேலும் பெண் மேலும் ஆசை வருவதை இப்போது இருபாலீர்ப்பு என்கிறார்கள். அன்று பெயர் கிடையாது, ஆள் மட்டும் இருந்தேன்.

எல்லாவற்றையும் பிலோமியிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவளோ சொன்னாள்: "அந்த நேசத்தப் பொய்யின்னு சொல்லாம இருந்தீங்கள்லா, அதனாலதான் என் மேல ஆசைன்னு சொல்லுததையும் நம்புதேன்."

சம்மாட்டியின் விசாரணை

பிள்ளை குட்டி ஆனபிறகு, லூர்து ஒருமுறை ஊர் வந்து போனான். எங்கள் ரெண்டுபேரையும் பற்றிய பழைய பேச்சு ஊரில் கிளம்பிவிட்டது. வள்ளத்துக்காரரான எங்கள் சம்மாட்டி, நடுக்கடலில் விசாரணையை வைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டி இருக்காள்லா, அப்ப லூர்துகூட இருந்தது வெளையாட்டுதானே?"

"இல்ல அண்ணாச்சி, அதுவும் நெசந்தான்."

"அப்ப இது?"

"இதுவும் நெசந்தான்."

எனக்கு எரிச்சல். அவருக்கு அதைவிட எரிச்சல். "ஏலே, சங்குன்னா வலம்புரியா இருக்கணும், இல்ல இடம்புரியா இருக்கணும். நீ என்னல ரெண்டும்னு சொல்லுத?"

கயிறு கீழே கிடந்தது

பிலோமியின் அண்ணன் ரபேல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். மறுநாள் கயிற்றைத் தொடவில்லை. வேறு யாராவது பிடிக்கட்டும் என்றால், மச்சானே விட்ட கயிற்றை எவன் தொடுவான்? பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்தேன். அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை வேறு. போய்க் கெஞ்சியதற்கு மச்சான் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "எந் தங்கச்சிய ஏமாத்துனவனுக்கு நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

பிலோமி கரைக்கு வந்தாள்

இதைக் கேட்டுப் பிலோமி நேரே வள்ளத்தடிக்கே வந்துவிட்டாள். "அண்ணே, கலியாணத்துக்கு முந்தியே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு. கட்டுன நாள்லேருந்து எனக்கு உண்மையாத்தான் இருக்காரு. யாரு யார ஏமாத்துனது?" என்றாள். சம்மாட்டி அவசரமாகப் பாய்மரத்துப் பாயைச் சரிசெய்யப் போய்விட்டார். ரபேல் கயிற்றை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்.

அன்றும் மச்சான் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் முங்கினேன். சங்கைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டினேன். சுண்டி முடிக்குமுன் மேலே இழுத்துவிட்டார். நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்க, ரபேல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு இன்னும் வெளங்கல மாப்ள. ஆனா வெளங்குத வரைக்கும் ஒம்மத் தண்ணிக்குள்ள வச்சிருக்க முடியாதுல்லா."

நான் தொழிலை விட்ட நாள்வரை மச்சானுக்கு அது விளங்கவுமில்லை, நான் மூழ்கிச் சாகவுமில்லை.