பயோடேட்டாவில் நான் சேர்த்த இரண்டு வார்த்தைகள்

புயல் வந்து எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதற்கு அடுத்த வருடம் நடந்தது இது. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று போர்டில் ஏழெட்டு வேலை எழுதியிருந்தாலும், அந்த வருடம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்கு பயோடேட்டா அடிக்க வந்தவர்கள்தான். தோப்பு போனபின் தோப்பை நம்பியிருந்த ஆட்கள் வேறு எங்கே போவார்கள்?

நான் பி.ஏ. ஆங்கிலம். மூன்று அரியர் வைத்து, தட்டுத்தடுமாறித் தேறியவன். கல்லூரியில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது அட்ஜெக்டிவ் ஒன்றுதான். ஒரு பெயருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அது எப்படிப்பட்டது என்று சொல்லும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆணா பெண்ணா என்று பார்க்காது. ஒன்றா பலவா என்று மாறாது. நேற்று, இன்று, நாளை என்று வினைச்சொல் மாதிரிப் படுத்தாது. எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், நாலு சேர்த்துப் போட்டாலும் நிற்கும். கேசரிக்கு முந்திரி போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். கூடப் போட்டால் யாருக்கு நஷ்டம்?

அதனால் ஹார்ட்வொர்க்கிங், சின்சியர், ஸ்கில்டு, டெடிகேட்டட் என்று நாற்பது ஐம்பது வார்த்தைகளை அச்செடுத்து மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். வருகிற ஆளின் பெயர், ஊர், வயது மாறும். இந்த வார்த்தைகள் மட்டும் இடம் மாறி மாறி எல்லோருக்கும் போகும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பயோடேட்டாவை வாங்கியதும் ஆங்கிலம் தெரிகிறதோ இல்லையோ, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். "என்னண்ணே, பக்கம் நெறையலையே" என்பார்கள். நான் சுவரைப் பார்த்து இன்னும் நாலு வார்த்தையை இறக்குவேன். பக்கமும் நிறையும், அவர்கள் மனசும் நிறையும். என் வார்த்தை ராசியால்தான் விசா வருகிறது என்றுகூட ஊரில் பேச்சு இருந்தது. உண்மையைச் சொன்னால் அதைக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது.

அப்படி ஒரு நாள் மத்தியானம் ஒருவர் மனைவியோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், புயலுக்குப் பிறகு ஒரு கொத்தனாருக்குக் கையாளாக எட்டு மாதம் கலவை குழைத்துக் கொடுத்திருக்கிறார். கட்டடத்தைச் சுற்றிக் கட்டுவார்களே சாரம், அந்த வேலைக்கு வெளிநாட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்றும், முன் அனுபவம் இருப்பதாக பயோடேட்டாவில் இருக்க வேண்டும் என்றும் ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சாரத்துல ஏறி வேலை பாத்திருக்கீங்களா?" என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

அவர் சிரித்துக்கொண்டே, "கீழ நின்னு மூங்கில் எடுத்துக் குடுத்திருக்கேண்ணே" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "ஏணியில ஏறுறதுக்கே அவுகளுக்குக் காலு நடுங்கும்ண்ணே. முருங்கக்கா பறிக்கக்கூட நாந்தான் ஏறணும்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. குரலில் பயம் இருந்தது. ஆனால் எனக்கும் அவர் கணவருக்கும் அது வேடிக்கையாகத்தான் பட்டது. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

நான் அடித்தேன். முதலில் 'எக்ஸ்பீரியன்ஸ்டு' போட்டேன். அனுபவம் உள்ளவர். தாளைக் கொடுத்ததும் அவரும் எல்லோரையும் போலத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வார்த்தை போடுங்கண்ணே, பாக்க நல்லா இருக்கட்டும்."

மனைவி சொன்ன ஏணிக் கதை காதில் இருந்ததாலோ என்னவோ, எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. சுவரில் இருந்த 'ஃபியர்லெஸ்' என்ற வார்த்தையை எடுத்து அதற்குப் பக்கத்தில் போட்டேன். பயமறியாதவர். அர்த்தம் சொன்னதும் அவருக்கு வாயெல்லாம் பல். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா" என்றார். திருச்சியில் நேர்முகத் தேர்வு என்பதால், "ஐ ஆம் எக்ஸ்பீரியன்ஸ்டு" என்று சொல்லவும் பழக்கிவிட்டேன். நாக்கு புரளவில்லை. பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வேலை கிடைத்துவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்த மாதத்திலேயே போனில் பேசினார். எல்லாம் உங்க புண்ணியம் என்றார். நானும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் வந்து நின்றார். கையில் போன். முகம் வீங்கி இருந்தது. கணவர் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். கம்பெனியிலிருந்து ஏதோ மெயில் வந்திருப்பதாக ஏஜென்ட் அனுப்பியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருக்கிறது.

"என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கண்ணே. உசுருக்கு ஒண்ணுமில்லைல?"

போனை வாங்கிப் படித்தேன். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் அடிபட்டிருக்கின்றன, அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. அதுவரைக்கும் சத்தமாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அதற்கு அடுத்த வரியை மனசுக்குள் படித்தேன். 'இவர் தந்த பயோடேட்டாவின்படி இவர் எக்ஸ்பீரியன்ஸ்டு, ஃபியர்லெஸ்' என்று இருந்தது. அதனால்தான் உயரமான இடத்துக்கு அனுப்பினோம் என்று எழுதியிருந்தார்கள். நான் அடித்த அதே வரிசை, இடையில் நான் போட்ட அதே கமா. அதற்குக் கீழே கம்பெனிக்காரர்களும் தங்கள் பங்குக்கு ஒரு அட்ஜெக்டிவ் போட்டிருந்தார்கள். 'கேர்லெஸ்'. கவனக்குறைவான தொழிலாளி, ஆகவே கம்பெனி பொறுப்பேற்காது.

"அப்புறம் என்னண்ணே போட்டிருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா பாத்துக்கிறோம், சீக்கிரம் அனுப்பி வைக்கிறோம்னு போட்டிருக்கு" என்றேன்.

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவன் மறுநாளும் திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறிப் போனேன். முந்திரிக்காட்டை ஒட்டிய ஊர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டின் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கூரைச் சூட்டில் வியர்த்துக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மனைவி வந்து தோளைப் பிடித்து நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. மெயிலில் என்ன இருந்தது, எதைச் சொல்லாமல் மறைத்தேன், அந்த வார்த்தைகளை யார் அடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல கீழதாண்ணே நிக்க வச்சாக. ஒரு நாளு மேல ஆளு கொறஞ்சுபோச்சு. சூப்பர்வைசரு என் பேப்பர எடுத்தாந்து, அதுல இருந்த வார்த்தைய வெரலால தட்டிக் காட்டுனாரு. அந்த வார்த்தை எனக்குத் தெரியும்ல, நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. இல்லேன்னு சொன்னா திருப்பி அனுப்பிருவாக. ஏறிட்டேன்." பிறகு, "ஏறுனது நான். நீங்க என்ன செய்வீங்க" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்கு மனசு தேறவில்லை. அவர் மனைவி என் பக்கம் திரும்பினார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லண்ணே. ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

திட்டவில்லை, அழவும் இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்னால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வருடம் அவர்கள் இருவரும் மறுபடி கடைக்கு வந்தார்கள். வாசலில் இரண்டு படி. அவர் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மனைவியின் தோளுமாக, அந்த இரண்டு படியில் ஏறுவதற்குள் நான் ஒருவருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நஷ்டஈடு கேட்டுப் பல மனு போட்ட பிறகு, ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதி அனுப்பச் சொல்லிக் கம்பெனியிலிருந்து கேட்டிருந்தார்களாம். ஆங்கிலத்தில் வேண்டும். ஊரில் டைப்பிங் கடைக்குப் பஞ்சமில்லை. இருந்தும் ஏன் என்னிடம் வந்தார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இந்தத் தடவ உள்ளத மட்டும் போடுங்கண்ணே."

நான் கீபோர்டில் கை வைத்தேன். கண் பழக்கதோஷத்தில் சுவருக்குப் போனது. அந்த நாற்பது ஐம்பது வார்த்தைகளில் ஒன்றுகூட எதிரில் உட்கார்ந்திருந்தவருக்குப் பொருந்தவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று அவரையே கேட்டேன். இடது கால் மடங்காது என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. குளிக்க வைக்க ஆள் வேண்டும். அதைச் சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை. சொன்னதைச் சொன்னபடியே சின்னச் சின்ன வாக்கியமாக அடித்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொல்லி, சரியா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். கடைசியில் மாற்றுத்திறனாளி என்பதற்கான ஆங்கில வார்த்தையை அவர் பெயருக்கு முன்னால் அடித்தேன். அவருக்கு நான் போட்ட அட்ஜெக்டிவ்களில் அது ஒன்றுதான் உண்மை. அதை உண்மையாக்கியது முன்னால் போட்ட பொய்தான் என்று நினைத்தபோது எனக்கு எழுத்து மங்கிப்போனது. முகத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து பின்னால் போனேன்.

கடிதம் அரைப் பக்கம்தான் வந்தது. அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவேயில்லை. இரண்டு முறை திரும்ப அனுப்பினோம். அதற்கும் இல்லை. அந்தப் பெண் இப்போது கடலைக்காட்டு வேலைக்குப் போகிறார். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாண்ணே" என்று அவர்தான் முதலில் கேட்பார்.

சுவரில் ஒட்டியிருந்த தாளை அந்தக் கடிதம் அடித்த அன்றைக்கே கிழித்துவிட்டேன். பக்கம் நிறையவில்லை என்று சொல்லி வேறு கடைக்குப் போகிறவர்களைத் தடுப்பதில்லை. போன மாதம் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வீட்டுப்பாடத்தோடு வந்தாள். கோடிட்ட இடத்தில் பொருத்தமான அட்ஜெக்டிவ் போட வேண்டும். 'மனிதன்' என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு கோடு. "இதுல எதப் போட்டாலும் ரைட்டுதாம்ப்பா" என்றாள். எதைப் போட்டாலும் சரிதான், இலக்கணம் ஒப்புக்கொள்ளும். என் கம்ப்யூட்டரும் அன்றைக்கு அந்த இரண்டு வார்த்தைகளுக்கு அடியில் சிவப்புக் கோடு போடவில்லை. தவறு என்று சொன்னது அந்தப் பெண் ஒருவர்தான், அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன் என்பதை, இன்றும் யாருடைய பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை அடிக்கப் போனாலும் என் விரல்கள் நினைத்துக்கொண்டு நின்றுவிடுகின்றன.