ஆறு வாசல்களும் ஒரு மெட்டியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் எர்லாங்கனில் மின்னணுவியல் ஆய்வு மாணவியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கே போவது என்று நானும் என் அறைத்தோழியும் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். நான்காவது இடம், மலைக்காட்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். வெள்ளி தீர்ந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவை: கூரையில்லாத ஆறு கல்வீடுகள், தூர்ந்த கிணறு, புதர் மூடிய சுரங்க வாய். நான் உட்கார்ந்து ஊரை அளவோடு நோட்டில் வரைந்தேன். தோழி தனியாகச் சுற்றினாள்.

மூன்றரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் புளியோதரையைப் பிரித்தோம்.

"இன்னிக்கு இடது ஷூ கடிக்கவே இல்லடி," என்றாள் சந்தோஷமாக. சொல்லி முடித்ததும் முகம் மாறியது. ஷூவைக் கழற்றினாள். விரலில் மெட்டி இல்லை.

அவள் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. குனிந்து அந்த மெட்டியைப் போட்டுவிட்டவர் அடுத்த வாரம் வந்து இறங்குகிறார்.

"எங்கெல்லாம் ஷூவைக் கழட்டினே?"

"எல்லா வீட்டு வாசல்லயும். சாக்ஸை உருவும்போது விழுந்திருக்கும்."

"கூரையே இல்லாத வீட்டுக்கா?"

"வாசல் இருந்துதே!"

கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு. திரும்பி ஓடினோம். என் வரைபடத்தில் வீடுகளுக்கு எண் போட்டேன். ஒவ்வொரு வாசலையும் பொட்டலம் கட்டிய நூலால் நான்கு கட்டமாகப் பிரித்துத் தேடினோம். துருப்பிடித்த ஆணி இரண்டு, ஒரு பொத்தான், கரண்டிக் காம்பு ஒன்று கிடைத்தன.

நாயோடு அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் என்ன தேடுகிறோம் என்று கேட்டார். வெள்ளி என்றேன். ரொம்பத் தாமதமாக வந்துவிட்டீர்களே என்று சிரித்துக்கொண்டே போனார். தோழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆறாவது வாசலும் முடிந்தது. மணி நாலரை.

"வேற எங்கயுமே கழட்டலியா?"

"வீடுகளை மட்டுந்தான் நினைச்சேன்," என்றாள் மெதுவாக. "சுரங்கத்துக்கிட்டயும் கழட்டினேன்."

சுரங்க வாய்க்கு மேலே கல்லில் ஒரு மாடம் உண்டு. தொழிலாளிகள் கும்பிட்ட சிலையை எப்போதோ எடுத்துப்போய்விட்டார்கள்.

"அங்கே சாமியே இல்லையேடி!"

"இருந்த இடம்தானே."

மாடத்துக்கு நேர் கீழே, பாசி மேல் மெட்டி கிடந்தது. மாட்டிக்கொண்டு ஷூவுக்குள் காலைத் திணித்தாள். ஓட்டமும் நடையுமாகப் பேருந்தைப் பிடித்தோம்.

"கடிக்குதா?" என்று கேட்டேன்.

"நல்லாக் கடிக்குது!" என்று சொல்லி, பாதியில் விட்ட புளியோதரையைப் பிரித்தாள்.