ட்ருகனினாவிலிருந்து வந்த ஒரே ஒரு பெட்டி

போன மே மாதம், ஒரு வியாழக்கிழமை, சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குப் போய் அன்றைக்கே திரும்பினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு ஓய்வுபெற்ற நூலகரின் பதினாறு பெட்டிகளில் ஒன்றை வாங்கி வரப் போனேன், அதுவும் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு அடித்துப் பிடித்துக்கொண்டு. இதே மாதிரி ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு நேரமும் செலவும் உதவட்டும் என்று எழுதுகிறேன். சொகுசுப் பயணக் குறிப்பு தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

நான் திருச்சிக்காரி. சிட்னியில் ஒரு விலங்கு மருத்துவமனை நூலகத்தில் வேலை. இந்தத் துறையில் எனக்கு முன்னால் இருந்தவர்களில் மூத்தவர் ஜசிந்தா அன்ரி, இலங்கையின் மன்னாரிலிருந்து வந்தவர். ஆன்ட்டியை அங்கே அன்ரி என்பார்கள். அவர் மெல்போர்னில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி நூலகத்தில் சேர்ந்தபோது, மாட்டு வைத்தியப் புத்தகங்கள் மனித வைத்தியப் புத்தகங்களின் கடைசி அலமாரியில் முடங்கிக் கிடந்தனவாம். அவற்றைப் பிரித்து அடுக்கினார். கிராமப்புறக் கால்நடை மருத்துவர்கள் தொலைபேசியில் சந்தேகம் கேட்க ஒரு வழியும் செய்தார். அந்தக் கல்லூரியில் கால்நடை மருத்துவ நூலகர் என்ற பதவியே அவருக்காகத்தான் வந்தது. வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு எழுதியிருக்கிறார். அந்தக் கார்டுகளை எங்கள் நூலகத்துக்குத் தர முடியுமா என்று இரண்டு மாதம் முன்பு கடிதம் எழுதியிருந்தேன்.

புதன்கிழமை மாலை குரல் பதிவு வந்தது. "பிள்ளை, நான் ஜசிந்தா. கார்டுகளைப் பற்றிக் கதைக்கவேணும். ஆறுதலா வாங்கோ." குரல் ரொம்பச் சோர்ந்திருந்தது. எங்கள் ஊரில் ஆறுதல் சொல்லப் போவதென்றால் துக்க வீட்டுக்குத்தான். திரும்ப அழைத்து, யார் தவறிவிட்டார்கள் என்று எப்படிக் கேட்பது? மறுநாளைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டிக்கெட் போட்டேன். கடைசி நேரம் என்பதால் போக 214 டாலர், வர 168.

காலை 3:45க்கு எழுந்து, வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் என் வீட்டிலிருந்து டாக்சியில் விமான நிலையம். நாற்பது நிமிடம், 102 டாலர். விமானம் 6:30க்குக் கிளம்பி 8:05க்கு இறங்கியது. முன் இருக்கைக் குழந்தை முழு நேரமும் அழுதது. அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மெல்போர்ன் விமான நிலையத்திலிருந்து அன்ரியின் வீடு இருக்கும் ட்ருகனினா ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ரயில் பிடித்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்சிதான் வழி. காலை நெரிசலில் ஐம்பது நிமிடம், 84 டாலர். ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கே போகிறேன் என்று கேட்டார், துக்கம் விசாரிக்க என்றேன். ஆர் செத்தது என்றார், தெரியாது என்றேன். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, ஆறுதலா எண்டா மெதுவா, வசதிப்பட்ட நேரம் வாங்கோ எண்டு அர்த்தம். அங்க ஒருத்தரும் சாகேல்லை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தூக்கம் கெட்டு, காசு கெட்டு, துக்க வீடென்று ஒரு பழம்கூட வாங்காமல் ஒரு பெரியவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். "முதல் தரம் போறியள், வெறுங்கையோட போகாதேங்கோ," என்று அவரே ஒரு கடை வாசலில் நிறுத்தினார். பட்டர் கேக் வாங்கினேன், 9 டாலர்.

சரக்குக் கிடங்குகளைத் தாண்டி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி புது வீடுகள். கதவைத் திறந்தவர் அன்ரியின் மகன் ஜூட், ஐம்பது வயதிருக்கும். பின்னால் அன்ரி, எண்பதைத் தாண்டியவர், கையில் தடி.

"என்ன பிள்ளை, இண்டைக்கே வந்திட்டீங்கள்! நான் ஆறுதலா எண்டெல்லோ சொன்னனான்."

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஜூட் சிரிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு அக்கா," என்றார். "வீடு வித்தாச்சு. நாளைக்குக் காலமை ஸ்கிப் வருது. அம்மாக்கு ராத்திரித்தான் சொன்னனான்." ஸ்கிப் என்பது பழைய சாமான்களைக் கொட்டும் பெரிய இரும்புத் தொட்டி. அன்ரி மகள் வீட்டில் ஒரே அறையில் இருக்கப் போகிறார். வெள்ளிக்கிழமை காலைக்குள் யாரும் எடுக்காவிட்டால் பதினாறு பெட்டிகளும் தொட்டிக்குள்.

கராஜில் அவற்றைப் பார்த்தேன். ஒவ்வொரு கார்டிலும் மிருகம், நோய், ஊர், கேட்டவர், கொடுத்த விடை, அது இருந்த பக்கம். கூடவே மிருகத்தின் பெயர். பெயர் சொல்லாமல் எந்த மருத்துவரும் போனை வைக்க அன்ரி விடமாட்டாராம்.

"ரெண்டாந்தரம் போன் எடுக்கேக்க கட்டுரையின்ர தலைப்பை மறந்திடுவினம். மாட்டின்ர பேரை மறக்கமாட்டினம்," என்றார்.

பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

சங்கடமான விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். எங்கள் மேலாளர் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடம் கொடுத்திருந்தார். அங்கிருந்தே அவரை அழைத்துக் கெஞ்சினேன். பதினொரு நிமிடம் பேசி அதே பதில். என் வீட்டில் வைக்கிறேன் என்றேன். அன்ரி ஒப்பவில்லை. கார்டுகளில் கேட்டவர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன, நூலகம் பொறுப்பெடுக்காமல் தனி ஆளிடம் கொடுக்கக் கூடாது என்றார். எனக்குக் கோபம் வந்தது, சண்டை போடத் தெம்பில்லை.

எந்தப் பெட்டி என்று நானே யோசித்தேன். அரிய நோய்கள் உள்ளது ஒன்று, பாராட்டுக் கடிதங்கள் சேர்த்தது ஒன்று. அன்ரி தடியால் மூலையில் இருந்ததைத் தட்டினார். மூடியில் 'கிடைக்கேல்லை' என்று தமிழில் எழுதியிருந்தது.

"தேடியும் விடை கிடைக்காத கேள்வியள். கிடைச்சதெல்லாம் இப்ப கம்பியூட்டரில கிடக்கு. இதுகள் வேற ஒருத்தரிட்டையும் இல்லை."

"உங்க வேலை எல்லாம் போயிடுமே அன்ரி. இது நீங்க தோத்ததுதானே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"தோக்கேல்லை பிள்ளை. இன்னும் முடியேல்லை."

மத்தியானம் சமையலறையில் சோறும் மீன் குழம்பும். அவர் பாதிதான் சாப்பிட்டார். நாலு மணிக்குக் கிளம்பியபோது மற்றப் பதினைந்து பெட்டிகளின் பக்கம் அவரும் நானும் பார்க்கவில்லை. ஜூட் மட்டும் கராஜ் கதவை மெல்ல இறக்கினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திரும்பும்போது மூன்று மணிக்கே கிளம்புங்கள், மாலை நெரிசலில் எனக்கு எழுபது நிமிடம் ஆனது. கைப்பைக்கு ஏழு கிலோதான். என் பெட்டி ஒன்பது, கூடுதலாக 65 டாலர் கேட்டார்கள். பழைய காகிதத்தைச் சரக்கில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது தங்கள் வாழ்நாள் வேலையைக் கொடுக்கிறேன் என்றால், டிக்கெட் போடுவதற்கு முன் அலமாரியில் இடத்துக்குச் சண்டை போட்டுவிட்டுப் போங்கள். நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பதினைந்தும் இப்போது எங்கும் இல்லை.

திங்கள்கிழமை வேலை முடிந்ததும் முதல் சில கார்டுகளை எடுத்துக்கொண்டு தேட உட்கார்ந்தேன். பத்துக் கார்டுகளுக்கு விடை அகப்படவில்லை. பதினொன்றாவது மொலி, ஒரு பண்ணை நாய். பத்து நிமிடம் ஓடினால் கால் பின்னிச் சுருண்டு விழும், கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதது போல் எழுந்துவிடும். மருத்துவர் மூன்று முறை அழைத்திருக்கிறார், மூன்று முறையும் 'கிடைக்கேல்லை'. இன்றைக்கு அந்த நோய்க்குப் பெயரே இருக்கிறது, ஒரு கட்டுரையில் அகப்பட்டது. உடனே அன்ரியை அழைத்தேன்.

"எத்தினையாம் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மொலி செத்து எத்தனையோ வருடமாகியிருக்கும், அந்த மருத்துவரும் இருக்கிறாரோ என்னவோ.

"சரி," என்றார். "இனி மொலி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கக் கூடாது. வெளியில எடுங்கோ."